பெரியப்பாவின் முகம்

பெரியப்பா செர்வியுஸ் இறந்து, வீட்டு வாசலில் துக்கத்துக்குச் சைப்ரஸ் கிளை கட்டிய மறுநாள், தித்தினியா அவருடைய முகத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

உடல் முன்கூடத்தில் வாசலைப் பார்த்துக் கால் நீட்டிக் கிடந்தது. அவள் எடுத்தது மெழுகு முகம். தித்தினியுஸ் குடும்பத்தில் பெரிய பதவி ஏறிய ஆண்கள் எல்லோருக்கும் அப்படி ஒன்று உண்டு. முன்கூடத்துச் சுவரில் ஆளுக்கொரு மர மாடம், மாடத்தின் கீழே பெயர். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கூத்தாடிகள் அந்த முகங்களைப் போட்டுக்கொண்டு, அவரவர் பதவிக்கு உரிய உடையில், பாடைக்கு முன்னால் ஊர்க்கூட்டம் நடக்கும் மன்றம்வரை நடப்பார்கள். இறந்தவராகவும் ஒருவன் நடப்பான். அவருடைய நடை, பேச்சு, இருமல் எல்லாவற்றையும் செய்து காட்டுவான். மறுநாள் ஊர்வலத்துக்கு வேண்டிய முகம்தான் இப்போது சட்டியில் இருந்தது.

சமையற்காரியைச் சந்தைக்கு அனுப்பியிருந்தாள். மெழுகு முதலில் கன்னத்தில் வியர்த்தது. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தாடை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அவரும் அப்படித்தான், எதையும் லேசில் விடமாட்டார். உருகிய மெழுகில் தேன் வாசனை வந்தது. அது அவளுக்குப் பழகிய வாசனை.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, டிசம்பர் பண்டிகையில் பெரியப்பா எல்லோருக்கும் மெழுகுவர்த்தி கொடுத்தார். அவளுக்குக் கொடுத்தது மற்றவர்களுடையதைவிடப் பருமன். அவள் சந்தோஷமாக அதை ஏற்றி, தூங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பல வருடம் கழித்து, ஏதோ ஒரு சில்லறைச் சண்டையில், பெரியம்மா கோபத்தில் சொன்னாள்: "அப்பன் மூஞ்சியையே கொளுத்தி வெளிச்சம் பாத்தவ நீ. உனக்கு என்னடி இவ்வளவு வாய்?"

அன்றைக்குப் பிறகு தித்தினியா அந்த வீட்டில் யாரோடும் சண்டை போட்டதில்லை.

அவள் அப்பா டெசிமுஸ், செர்வியுஸின் தம்பி. பார்த்தால் இரட்டையர் என்பார்கள். அதே நீண்ட தாடை, அதே விரிந்த காது. சின்ன வயதில் அத்தி மரத்திலிருந்து விழுந்ததில் டெசிமுஸுக்கு இடது புருவத்தில் மட்டும் ஒரு வெட்டு. நகர நிர்வாகப் பதவியில் இருந்தபோது இரண்டு பேருக்கும் மெழுகில் முகம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அண்ணன் செனட்டின் முன்வரிசைக்குப் போனான். தம்பி சாமானியர்கள் தேர்ந்தெடுக்கும் மக்கள் காவலனாகி, மேட்டுக்குடிகள் வளைத்துப்போட்டிருந்த பொது நிலத்தைப் போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தான். வளைத்தவர்களில் அண்ணனும் இருந்தான்.

மக்கள் காவலன்மேல் கை வைப்பது தெய்வக் குற்றம். அதனால் ஒருவரும் கை வைக்கவில்லை. பிப்ரவரியில் செத்தவர்களுக்குப் படையல் போட்டு முடிந்த மறுநாள், உயிரோடிருக்கிற சொந்தமெல்லாம் ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். பகை வைத்திருப்பவர்கள் அன்றைக்கு ராசியாகிவிட வேண்டும். செர்வியுஸ் தம்பியை அந்தப் பந்திக்கு அழைத்தார். காவலுக்கு யாரும் வேண்டாம், நம் வீடுதானே என்றார். சாப்பிட்டு முடிந்து கிளம்பும்போது, வாசற்படியில் வைத்துத் தம்பியை அணைத்துக்கொண்டார். வெகுநேரம் அணைத்துக்கொண்டார். தித்தினியா அப்பாவின் ஆடை நுனியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "விடுண்ணா, மூச்சு முட்டுது" என்று அப்பா சிரித்தான். பெரியப்பா விடவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. சந்திலிருந்து தடிகளோடு ஆட்கள் வந்து சேரும்வரை பெரியப்பாவின் கைகள் அப்படியே இருந்தன.

அடித்துக் கொன்றவர்கள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. செர்வியுஸ் செய்தது அணைத்தது மட்டும். டெசிமுஸ் அரசனாக முயன்றான் என்று செனட் தீர்மானித்தது. அந்தக் குடும்பத்தில் இனி எவனுக்கும் டெசிமுஸ் என்று பெயரிடக் கூடாது, அவன் முகத்தை எந்தச் சாவிலும் வெளியே எடுக்கக் கூடாது, எடுக்கிற வீட்டுத் தலைவனுக்கு ரோமில் நீரும் நெருப்பும் கிடையாது, ஊரைவிட்டே போக வேண்டும். "என் தம்பியைவிடக் குடியரசு பெரிது" என்று செர்வியுஸ் செனட்டில் கண் கலங்கிச் சொன்னார். அடுத்த வருடமே ஊரின் மிகப் பெரிய பதவியில், கான்சலாக, அவரை உட்கார வைத்தார்கள்.

டெசிமுஸின் மெழுகு முகம் மகளுக்குக் கொடுத்த மெழுகுவர்த்தியானது. ஆனால் மெழுகு ஊற்றுவதற்கு எடுத்த சாந்து அச்சை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அம்மா அதைக் கம்பளிக் கூடையில், நூற்காத ஆட்டு மயிருக்கு அடியில் வைத்திருந்தாள். ஆண்கள் யாரும் கை வைக்காத இடம் அது. அம்மா போன பிறகு கூடை மகளுக்கு வந்தது. அச்சில் அப்பாவின் முகம் உள்வாங்கி, ஒரு குழியாக இருக்கும். சிறுமியாக இருந்த காலத்தில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் குழிக்குள் தன் முகத்தை வைத்துப் பார்ப்பாள். மூக்கு இடிக்கும். கன்னம் ஒட்டாது. வயது ஏற ஏற நன்றாகப் பொருந்தியது.

பெரியப்பா அவளை ஒரு கிழவனுக்குக் கட்டிக்கொடுத்தார். டெசிமுஸுக்கு எதிரான தீர்மானத்தில் கை தூக்கியவர்களில் அவனும் ஒருவன். அவனும் செத்து, அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி, பெரியம்மாவுக்குப் பிறகு சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. முன்கூடத்து மாடங்களைத் திறந்து தூசி தட்டுவது அவள் வேலையானது. பத்து வருடமாக மாதம் ஒருமுறை பெரியப்பாவின் மெழுகு முகத்தைத் துடைத்தாள். பின்கட்டிலிருந்து "எல்லாம் சுத்தமா இருக்காம்மா?" என்று அவர் கேட்பார். "இருக்கு பெரியப்பா" என்பாள். அவளிடம் அவர் அன்பாகத்தான் இருந்தார். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மெழுகு முழுக்க உருகியதும், திரி போட்ட ஒரு குழாயில் ஊற்றி ஆற வைத்தாள்.

மதியம் கூத்தாடி நிகான் உடை பொருத்திப் பார்க்க வந்தான். ரோமில் பெரிய வீட்டுச் சாவுகளுக்கெல்லாம் அவன்தான் செத்தவன். கிரேக்கன், வழுக்கைத் தலை, வாய் ஓயாது. தித்தினியா துணியை விலக்கி அவனிடம் முகத்தைக் கொடுத்தாள். போன வாரம், பெரியப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது, அப்பாவின் அச்சில் அவளே மெழுகு ஊற்றி எடுத்து, புருவமும் உதடும் தீட்டி வைத்திருந்த முகம்.

நிகானின் வாய் ஓய்ந்தது. இடது புருவத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது அவரு மூஞ்சி இல்லையே அம்மா."

"அப்ப யாரு?"

"பேரைச் சொன்னா நாக்கை அறுப்பாங்க. ஏழைங்க இருக்கற சுபுராவுல கேளுங்க, கிழவிங்க அத்தனை பேரும் சொல்லுவாங்க. எங்க அம்மா இவரு நிலம் வாங்கித் தருவாருன்னு கோழி நேந்துவிட்டா. நிலமும் வரல, கோழியும் போச்சு."

"பயமா இருந்தா வேற ஆளப் பாக்கறேன் நிகான்."

"பயம் எனக்கில்ல, என் முதுகுக்கு. அதுக்கு உங்க பெரியப்பாவை நல்லாத் தெரியும்." சட்டையை ஒரு பக்கம் இறக்கிக் காட்டினான். பழைய சாட்டைக் கோடுகள். "இளவயசுல அவரு மாதிரி மேடையில நொண்டிக் காட்டினேன். பிடிச்சுக் கட்டி வெளுத்தாரு. சரியா நொண்டலன்னு கோவமோ என்னவோ. நாளைக்கு அதே நொண்டலுக்குக் கூலி. நல்ல ஊரு."

அவள் சிரிக்கவில்லை. "நடை அவருது. குரல் அவருது. முகம் மட்டும் இது. யாராச்சும் கேட்டா, வீட்டுல குடுத்த முகத்தைப் போட்டேன்னு சொல்லு. தப்பு வீட்டுத் தலைவனோடது. அந்தத் தலைவன் குவிந்துஸ் மேடையில பேசி முடிச்சதும் நீ எழுந்து போய் அவனைக் கட்டிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

தித்தினியா யோசித்தாள். வெளியே யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டு, நின்றது.

"அவன் விடச் சொல்லுவான். சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். விடாதே. ரெண்டாந்தடவை சிரிக்காம சொல்லுவான். அப்ப விட்டுடு."

நிகான் அவளை நிமிர்ந்து பார்த்தான். முகத்தைத் திரும்பத் துணியால் மூடினான்.

குவிந்துஸ், பெரியப்பாவின் ஒரே மகன். அவள் அப்பா செத்த அந்த பிப்ரவரியில் அவன் பிறக்கவில்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அந்தக் கோடையில் அவன் நீதிபதி பதவிக்கு நிற்பதாக இருந்தான். தன் அப்பாவின் சாவுச் சடங்கில் பேசப்போகும் பேச்சு அதற்கு முதல் படி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் தோட்டத்தில் பேசிப் பழகிக்கொண்டிருந்தவன், அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, இதைக் கேளு. 'என் தந்தைக்கு ஒரு நாள் தம்பியா, ரோமா என்ற கேள்வி வந்தது. அவர் ரோமைத் தேர்ந்தெடுத்தார்.' இந்த எடத்துல கொஞ்சம் நிறுத்தணுமா?"

அவன் வேண்டுமென்று கேட்கவில்லை. அது அவளுடைய அப்பாவைப் பற்றியது என்பதே அவனுக்கு நினைவில் இல்லை. அதுவரை அவன்மேல் அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"நிறுத்து" என்றாள். "நல்லா நிறுத்து."

மறுநாள் புல்லாங்குழலும் ஒப்பாரியுமாக ஊர்வலம் குன்றிலிருந்து இறங்கியது. முன்னோர் முகங்கள் போனபின், பாடைக்கு முன்னால் நிகான் தனியாக வந்தான். கான்சலின் ஊதாக்கரை உடை, வலது கால் இழுப்பு, இரண்டு அடிக்கு ஒரு இருமல். தெரு முழுக்கச் சிரிப்பு.

"செர்வியுஸ், என் வாடகையைக் கொறச்சுட்டுச் சாகக் கூடாதா?" என்று மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்.

"மேல வந்து கொறைக்கிறேன், ஏணி போடு" என்று நிகான் பெரியப்பாவின் கரகரத்த குரலில் சொன்னான்.

சிரிப்பு அடுத்த தெருவுக்குத் தாவியது. ஆனால் அவன் கடந்துபோன இடங்களில் சிரிப்பு நின்றுகொண்டே வந்ததைப் பின்னால் பெண்களோடு நடந்த தித்தினியா கவனித்தாள். ஒரு கிழவி கையை வாயில் வைத்தபடி நின்றாள். மீன் கூடைக்காரன் ஒருவன் தலையிலிருந்து கூடையை இறக்கி வைத்தான்.

மன்றத்து மேடையில் முகங்கள் எல்லாம் யானைத்தந்த நாற்காலிகளில் உட்கார்ந்தன. கடைசி நாற்காலியில் அப்பா உட்கார்ந்தான். முப்பது வருடத்துக்குப் பிறகு வெயில் பட்ட முகம். அவள் மூச்சு விடாமல் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

குவிந்துஸ் முன்னோர்களை வரிசையாகப் புகழ்ந்துகொண்டு வந்தான். குரல் கணீரென்று இருந்தது. கடைசியாக அந்த நாற்காலியின் பக்கம் கை நீட்டினான். "என் தந்தைக்கு ஒரு நாள் தம்பியா, ரோமா என்ற கேள்வி வந்தது. அவர் ரோமைத் தேர்ந்தெடுத்தார்."

நிறுத்தினான்.

அந்த மௌனத்தில், கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு கிழட்டுக் குரல், கத்தாமல், பக்கத்து ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னது: "அது டெசிமுஸ்டா."

பெயர் கையோடு கை மாறுவதுபோல முன்னால் வந்தது. குவிந்துஸ் அந்த முகத்தைத் திரும்பிப் பார்த்தான். வீட்டில் எத்தனையோ முறை பார்த்த அப்பாவின் முகத்தில் இல்லாத ஒரு வெட்டு. நிகான் எழுந்தான். காலை இழுத்து இழுத்து நடந்து வந்து அவனை அணைத்துக்கொண்டான்.

"சரி சரி, போதும்" என்று குவிந்துஸ் கூட்டத்துக்காகச் சிரித்தான்.

நிகான் விடவில்லை. மன்றம் முழுக்க ஓசை அடங்கியது. தித்தினியாவின் விரல்கள் பழைய ஞாபகத்தில் தன் ஆடை நுனியைப் பிடித்திருந்தன.

"விடுய்யா" என்றான் குவிந்துஸ். இப்போது சிரிக்கவில்லை.

நிகான் விட்டான்.

முன்வரிசையிலிருந்து கிழவர் வொலும்னியுஸ் எழுந்தார். செர்வியுஸின் பழைய போட்டியாளர், செனட்டில் அந்தத் தீர்மானத்தைப் படித்தவரே அவர்தான். "தம்பி குவிந்துஸ், எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியல. அந்தக் கடைசி நாற்காலியில இருந்தது யாரு முகம்?"

குவிந்துஸின் கண்கள் பெண்கள் பக்கம் வந்து, அவளிடம் நின்றன. அவள் தலையைக் குனியவில்லை. டெசிமுஸ் என்றால் இன்றைக்கே ஊரைவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் பொய் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் சரி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் புரிந்துகொள்வதைப் பார்த்தாள். தூக்கி வளர்த்த பிள்ளை. முகத்தில் எது ஓடினாலும் அவளுக்குத் தெரியும்.

"என் அப்பா முகம்" என்றான். "செர்வியுஸ் தித்தினியுஸ்."

"சத்தியமா?"

"ஜூபிடர்மேல சத்தியமா."

"அப்ப சரி" என்று வொலும்னியுஸ் உட்கார்ந்தார். "ஊரே பாத்துருச்சு. இனிமே இந்த வீட்டுல எப்ப சாவு நடந்தாலும் செர்வியுஸோட முகத்தை அடையாளம் கண்டுக்குவோம்."

சிதை எரிந்து முடிந்து வீடு திரும்பியதும் குவிந்துஸ் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, முன்கூடத்து மழைத்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். மேலாடையில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"அக்கா, அப்பாவோட முகம் எங்கே?"

"டிசம்பர்ல தர்றேன்."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது தொட்டித் தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தான். அவளும் எதிரே உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தது அதற்குமுன் எப்போது என்று அவள் யோசித்தாள்.

"என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியுதா?" என்றான் கடைசியில். "எங்க அப்பாவுக்கு முகம் இல்லாம பண்ணிட்டே. சரி. உங்க அப்பாவுக்கு? அந்த மாடத்துக்குக் கீழ எங்க அப்பா பேருதான் இருக்கும். நூறு வருசத்துக்கு இந்த ஊரு அந்த முகத்தைப் பாத்து, தம்பியைப் பலி கொடுத்த செர்வியுஸ்னுதான் சொல்லும். உங்க அப்பாவையே உங்க அப்பாவைக் கொன்னவரா ஆக்கிட்டே."

அவள் அதை நினைக்கவே இல்லை. இத்தனை வருடம் எல்லாவற்றையும் நினைத்தவள் இதை மட்டும் நினைக்கவில்லை. கை தானாக இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது.

"அச்சு இருக்கா?" என்று கேட்டான். "குடு. யாரு கையிலயாச்சும் சிக்கினா நான் செஞ்சது பொய்ச் சத்தியம்னு ஆயிடும்."

கம்பளிக் கூடையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். கொடுப்பதற்குமுன் ஒருமுறை முகத்தை உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான்; வைக்கவில்லை. அவன் அதைத் தொட்டியின் கல் விளிம்பில் அடித்து நொறுக்கினான். அவளை வீட்டைவிட்டுத் துரத்த முடியாது என்பது அவனுக்கும் தெரியும். வெளியே போனால் அவளுக்கு வாய் இருக்கிறது.

ஜூலையில் குவிந்துஸ் ஜெயித்தான். சுபுரா ஆட்கள் கும்பலாக வந்து ஓட்டுப் போட்டார்கள். அந்த முகத்தைத் துணிச்சலோடு வெளியே கொண்டுவந்தவன் என்று அவர்கள் நினைத்தார்கள். நீதிபதி நாற்காலிக்குப் போகும் வழியெல்லாம் "குவிந்துஸ், நிலம் எப்போ?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. செனட்டில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்று தித்தினியா கதிர் நிறைய நூற்றாள்.

டிசம்பர் பண்டிகையில் அவள் அவனுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தாள். மற்றவர்களுடையதைவிடப் பருமன். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டான்.

பிப்ரவரி வந்தது. படையல் முடிந்த மறுநாள் சொந்தங்கள் பந்திக்கு வந்தார்கள். குவிந்துஸ் வீட்டுத் தலைவனாக மாடங்களைத் திறந்தான். கடைசி மாடத்து முகத்துக்கு லாரல் மாலை சூட்டி, விரலில் எண்ணெய் தொட்டுப் புருவத்தைத் துடைத்தான். வெட்டு வந்த இடத்தில் விரல் நின்று, தாண்டிப் போனது. இனி சாகிறவரைக்கும் அவன் இதைக் காப்பாற்ற வேண்டும். உடையாமல், உருகாமல், பூச்சி அரிக்காமல்.

"அப்பா" என்று அழைத்து, முகத்துக்கு முன்னால் பலகாரமும் உப்பும் வைத்தான். பிறகு மேலாடைக்குள்ளிருந்து அந்த மெழுகுவர்த்தியை எடுத்து, ஏற்றாமலே மாடத்தின் விளிம்பில் நிறுத்தினான். அந்த முகத்துக்குப் பக்கத்தில், முகம் போன தன் அப்பாவுக்கும் ஒரு இடம் என்று நினைத்தானோ என்னவோ.

"செர்வியுஸ் அப்படியே உசிரோட இருக்கற மாதிரி இருக்காரு" என்றாள் தூரத்து அத்தை ஒருத்தி. "ஏன் தம்பி விளக்கு ஏத்தல? அப்பாவை இருட்டுல வைக்கலாமா?"

பந்தி முழுக்க அவனைப் பார்த்தது. குவிந்துஸ் அசையவில்லை.

தித்தினியா எழுந்தாள். அடுப்பிலிருந்து ஒரு குச்சியில் நெருப்பு எடுத்து வந்தாள். அவனுக்கும் மாடத்துக்கும் இடையில் நின்று, அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, திரியைப் பற்றவைத்தாள். தேன் வாசனை வந்தது. வெளிச்சத்தில் அப்பாவின் புருவத்து வெட்டு கூடத்தின் கடைசிவரை தெரிந்தது. கீழே இருந்த பெயர் மாட விளிம்பின் நிழலில் மறைந்திருந்தது.

மெழுகு அடிவரை எரிந்து முடியும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.